கடல் கடந்து வந்த தூண்கள்ளி

குறிகட்டுவான் துறையில் படகேறி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்லும் ஒருவர், கரையிறங்கி ஊருக்குள் நடக்கும்போது, சில வீட்டு வாசல்களிலே சீமெந்துச் சாடிகளில் நட்டு வைக்கப்பட்டிருக்கும் ஒரு செடியைக் காணலாம். அதற்கு இலை இல்லை, கிளையும் அரிது. பச்சை நிறத்து விலா வரிகளோடு, சிறு தூண் ஒன்றை நிறுத்தினாற்போல நேரே மேல்நோக்கி நிற்கும். பெயர் கேட்டால் 'கள்ளி' என்பார்கள். ஊர்ப்புறத்து மேட்டிலே, ஆடும் மாடும் வாய் வைக்காத முட்புதராய் நிற்கும் இன்னொரு செடியைக் காட்டி அதன் பெயரைக் கேட்டாலும், கிடைக்கும் விடை அதே 'கள்ளி'தான். பெயர் ஒன்று, ஆனால் இவ்விரண்டும் உறவில்லாத இரு குலத்தவை. புதரில் நிற்பது நம் நாட்டுப் பழங்குடி. சாடியில் நிற்பதோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. ஒரு சொல்லுக்குள் இரண்டு செடிகள் எவ்வாறு அடங்கின என்பதும், பிறந்த நாட்டிலே தெய்வத்தின் கையில் இருந்த செடி இங்கே வெறும் அழகுச் செடியானது ஏன் என்பதும் தீவகத்தின் வரலாற்றோடு சேர்த்து எண்ணத்தக்க செய்திகளாம்.

முதலில் நம் கள்ளியைப் பார்ப்போம். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி என்று நம் வாகட நூல்கள் பிரித்துரைக்கும் கள்ளிகள் யாவும் பால் உடையவை. ஒடித்த மாத்திரத்தில் வெண்பால் பெருகும். அவற்றின் முட்கள் இரண்டிரண்டாகக் கவைத்து நிற்கும். பூ மிகச் சிறியது. காய் மூன்று அறைகளாக அமைந்து, முற்றிக் காய்ந்ததும் ஒலியோடு வெடித்து விதையைத் தெறிக்கும். இவ்வளவும் இன்றைய தாவர நூலார் தரும் இலக்கணம். ஆயின் இதே இலக்கணத்தைச் சங்கப் புலவர் ஒருவர் தம் கண்ணாற் கண்டு சொல்லியிருக்கிறார் என்பது வியப்புக்குரியது. குறுந்தொகையின் 174ஆம் பாட்டிலே, தலைவன் செல்லக்கூடிய பாலைநிலத்தை எண்ணித் தலைவி கலங்குகிறாள். அந்நிலத்துக் கள்ளியின் முள் பிளவுபட்டது என்கிறாள். அதன் காய் வெடிக்கும் ஓசைக்கு அஞ்சித் துணையோடிருந்த புறா பறந்தோடும் என்கிறாள். அமெரிக்கக் கள்ளியின் கனி வெடித்து ஒலிப்பதில்லை. அதன் முள்ளும் இவ்வாறு இணையிணையாக நிற்பதில்லை. ஆகவே பழந்தமிழர் 'கள்ளி' என்றது எதனை என்பதில் ஐயத்துக்கு இடமேயில்லை.

அக்காலத் தமிழருக்குக் கள்ளி மங்கலச் செடியாக இருந்ததில்லை. புறநானூற்றின் 356ஆம் பாட்டு சுடுகாட்டைப் பாடுவது. களர் பரந்த அவ்விடத்தில் கள்ளி மண்டிக் கிடக்கிறது. பகலிலேயே ஆந்தை அலறுகிறது. கள்ளியும் எருக்கும் முளைத்த இடம் மக்கள் நீங்கிய இடம் என்னும் எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது. பால் வடிவதும் முள் உடையதுமான செடியை வீட்டு முற்றத்தில் வைக்கலாகாது என்று இன்றும் முதியோர் தடுப்பதற்கு மூலம் இதுவே போலும். 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்களிற் பெரும்பாலோர் போரினால் இடம்பெயர்ந்தனர். அவர்கள் விட்டுப்போன மனைகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. மீண்டு வந்து கூரை போட்டு விளக்கேற்றிய குடும்பத்தில், வாசலிலே கள்ளி வைப்பதா என்று ஒரு பாட்டி முகஞ்சுளித்தால் அதனை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடல் ஆகாது. பாழ்மனை என்பது அவருக்குப் பாட்டிற் படித்த பொருளன்று.

எனினும் இந்தியப் பெருநிலம் முழுவதும் கள்ளியை இவ்வாறே கருதிற்று என்று கொள்ளல் பிழை. வங்காளத்திலே இலைக்கள்ளியின் கிளையை நட்டு, நாகங்களின் தேவியாகிய மானசாவாக அதனையே வழிபடுவர். அசாம் நாட்டுப் போடோ மக்களின் பாதௌ சமயத்தில், வீட்டு முற்றத்துப் பலிபீடத்தின் நடுவில் நிற்பது கற்சிலையன்று. 'சிஜௌ' என்று அவர்கள் அழைக்கும் கள்ளிச் செடியேயாகும். மூங்கிற் பிளாச்சினால் வேலி கட்டி, அதன் நடுவே செடியை நட்டு, தம் பெருந்தெய்வத்தின் வடிவாக அதனைப் போற்றுவர். அச்செடியின் ஐந்து வரிகளுக்கும் அவர்கள் தத்துவப் பொருள் கூறுவதுண்டு. தூண்போல் நிமிர்ந்து, வெட்டினாலும் தழைத்து, மழையில்லாவிடினும் வாடாது நிற்கும் செடியைக் கண்ட மனிதர் அதனுள் ஓர் ஆற்றல் உறைவதாக எண்ணியது இயல்பே. நம்மவரும் அதன் ஆற்றலை அறியாதவரல்லர். அவர்கள் அதனை மருந்தாக்கினார்கள். கள்ளிப்பாலை நூலிலே பலமுறை தோய்த்து, மஞ்சளும் காரமும் ஏற்றி, பவுத்திர நோய்க்குக் கட்டும் முறை ஆயுள்வேத மருத்துவத்தில் இன்றும் வழங்குகிறது. தெய்வமாக்காவிடினும் பயன்படுத்தத் தவறவில்லை.

இனி மற்றக் கள்ளியைக் காண்போம். 1492இல் கொலம்பசு அமெரிக்கக் கரையை அடையும் வரை, பழைய உலகத்தில் அக்குலத்துச் செடி ஏறக்குறைய இல்லை எனலாம். 'ஏறக்குறைய' என்னும் சொல் இங்கே வேண்டியதாகிறது. முள்ளில்லாமல், மரக்கொம்புகளிலே தொற்றி, மெல்லிய பச்சைக் கயிறுகள்போல் தொங்கும் ஓரினம் ஆபிரிக்காவிலும் இலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் இயற்கையாகவே உண்டு. அதனைக் கள்ளி என்று எவரும் நினைப்பதுகூட இல்லை. அதனை விடுத்தால், சப்பாத்துக்கள்ளி முதல் சாடியில் நிற்கும் தூண்கள்ளி வரை யாவும் அமெரிக்காவிலிருந்து வந்தேறியவையே.

சப்பாத்துக்கள்ளி என்னும் பெயரே ஒரு சிறு சாசனம். யாழ்ப்பாணத்தார் காலணியைச் சப்பாத்து என்பர். அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். அச்செடியின் தட்டைத் தண்டு, சப்பாத்தின் அடித்தோல் போன்றிருத்தலின் இப்பெயர் வந்தது என்று கொள்வது பொருந்தும். கோதுமைச் சப்பாத்தியோடு இதனைச் சேர்ப்பாரும் உளர். யாழ்ப்பாணத்தில் நின்று நோக்கும்போது காலணியே மேலாகத் தோன்றுகிறது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், துறை என்னும் பொருளுள்ள தம் சொல்லால் ஊர்காவற்றுறைக்குக் 'கயிற்ஸ்' என்னும் பெயரையும் தந்து போனார்கள். துறைக்கும் செருப்புக்கும் சொல் கொடுத்தவர்கள் ஒரு செடிக்கும் பெயர் கொடுத்துச் சென்றது பொருத்தமே.

தூண்கள்ளியின் கதையோ ஒல்லாந்தரோடு தொடர்புடையது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் டெல்வ்ற் என்னும் பெயர் மட்டும் இன்றும் ஆங்கில வழக்கில் நிலைத்திருக்கிறது. அப்பெயர்களைக் கொடுத்த காலத்தில், உண்மையான லைடன் நகரத்துத் தாவரத் தோட்டம் ஐரோப்பாவிலேயே புகழ்பெற்றதாய் விளங்கிற்று.

அத்தோட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான போல் ஹேர்மன், அதற்கு முன் 1672 முதல் சில ஆண்டுகள் ஒல்லாந்தக் கம்பெனியின் வைத்தியராக இலங்கையில் பணியாற்றியவர். நம் நாட்டுச் செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து உலர்த்தி அவர் எடுத்துச் சென்ற தொகுதியைக் கொண்டே, பின்னாளில் லின்னேயசு 1747இல் 'புளோரா சிலானிக்கா' என்னும் இலங்கைத் தாவர நூலை எழுதினார். ஹேர்மன் 1695இல் இறந்தார். அவர் எழுதி வைத்த 'பரடைசசு பட்டாவசு' என்னும் நூல் 1698இல் வெளிவந்தது. ஒல்லாந்தின் பூங்கா என்பது அதன் பெயர்ப் பொருள். அந்நூலிலே தென்னமெரிக்கச் சூரினாமிலிருந்து வந்த, மிக உயர்ந்து நிமிர்ந்து வளரும் தூண்கள்ளி ஒன்று விளக்கப்பட்டிருக்கிறது. சூரினாம் 1667இல் ஒல்லாந்தர் கைக்கு வந்த நாடு. லின்னேயசு 1753இல் அச்செடிக்கு அறுகோணக் கள்ளி என்னும் பொருளில் இலத்தீன் பெயர் இட்டபோது சான்றாகக் கொண்டவற்றுள் ஹேர்மனின் அந்தப் பதிவும் ஒன்று. இலங்கையின் செடிகளை உலகுக்கு அறிவித்த அதே கைதான் அமெரிக்கத் தூண்கள்ளியையும் அறிவித்தது.

நம் சதுரக்கள்ளியும் அந்நூற்றாண்டிலேயே அச்சேறிற்று. மலையாளக் கரையில் ஒல்லாந்தரின் ஆணையாளராயிருந்த வான் ரீட், உள்ளூர் வைத்தியர்களின் துணைகொண்டு தொகுத்த 'ஹோர்த்தூசு மலபாரிக்கூசு' 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் இரண்டாந் தொகுதியில் இச்செடி படத்தோடு இடம்பெற்றிருக்கிறது. 'சடிடக்கள்ளி' என்று கேட்கும்படி இலத்தீன் எழுத்திலே நம் சொல்லையே அங்குப் பொறித்திருக்கிறார்கள். லின்னேயசு அதற்கு இட்ட பெயருக்கு 'முன்னோரின் கள்ளி' என்பது பொருள். கிரேக்க, உரோம மருத்துவர் போற்றிய பால்மருந்து இச்செடியினின்றே பெறப்பட்டது என அவர் எண்ணினார். அவ்வெண்ணம் தவறு, அம்மருந்துச் செடி மொரோக்கோ நாட்டது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. பெரிய அறிஞரும் கள்ளியிலே ஏமாறியதுண்டு என்பதற்கு இதுவே சான்று.

ஏமாறாத ஓர் உயிர் உண்டு. அது ஒரு பூச்சி. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயரிடம் இழந்தது 1795இல். அதே 1795இல், கொச்சினீல் என்னும் விலையுயர்ந்த செஞ்சாயத்தைத் தரும் பூச்சி என்று நம்பி, பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பூச்சியினத்தைக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம். நல்ல சாயம் கிடைக்கவில்லை. ஆனால் அப்பூச்சி, எங்கும் பரவிப் பயிர்நிலத்தை அடைத்துக்கொண்டிருந்த சப்பாத்துக்கள்ளி இனம் ஒன்றை உறிஞ்சியே அழித்துவிட்டது. அதனைக் கண்ட ஆங்கிலேயர் 1836 அளவில் தென்னிந்தியாவுக்கும், 1865 அளவில் இலங்கைக்கும் அப்பூச்சியை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டனர். ஒரு களையை ஒழிக்க அதன் பகைப்பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பிய முதல் நிகழ்ச்சியாக இலங்கைக்கு வந்த அவ்வரவையே பூச்சியியல் வரலாற்றார் குறிப்பர். மிஞ்சிய இன்னோர் இனத்துக்கு வேறொரு பூச்சி 1920களில் இலங்கைக்கு வந்தது. இங்கிருந்து 1926இல் தென்னிந்தியாவுக்கும் சென்றது. இப்பூச்சிகள் அமெரிக்கக் கள்ளிகளை மட்டுமே உண்டன. பக்கத்திலேயே நின்ற சதுரக்கள்ளியை அவை தீண்டவில்லை. தமிழ்ச் சொல் பிரித்துக் காட்டாத வேற்றுமையை அப்பூச்சி பிரித்தறிந்தது.

அமெரிக்கத் தூண்கள்ளிகளுள் மிகப் பழைய சமயச் சிறப்பு வாய்ந்தது பெரு, எக்குவடோர் நாடுகளின் மலைச்சரிவுகளில் வளரும் 'சன் பேத்ரோ' என்பது. பெருவின் அந்தீசு மலையிலே, கடல்மட்டத்துக்கு 3,000 மீற்றருக்கும் மேல், சாவின் என்னும் பழங்கோயில் இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 1200 முதல் 500 வரை சிறந்திருந்த அக்கோயில் 1985இல் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அதன் வட்ட முற்றத்துக் கற்பலகை ஒன்றில், கோரைப்பல்லும் பாம்புக் கூந்தலும் கூருகிரும் உடைய ஓர் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. அது தன் கையில் கோல்போல் ஏந்தி நிற்பது வரிகளோடு கூடிய இத்தூண்கள்ளியையே. நம் நாட்டுத் தெய்வங்கள் வேலும் சூலமும் ஏந்துவது போல அங்கே கள்ளி.

அச்செடியில் மனத்தை மயக்கும் ஒரு சத்து உண்டு. மருத்துவப் பூசாரிகள் தண்டைச் சீவி நெடுநேரம் காய்ச்சி, இரவிலே நடத்தும் சடங்கில் அருந்தி, நோயின் காரணத்தைக் கண்டு சொல்வர். சிப்பி, கல், வாள், சிலுவை முதலியவற்றைப் பரப்பிய பலிமேடை ஒன்று அச்சடங்கின் நடுவிடம். சிலுவை அங்கு வந்தது ஸ்பானியர் வந்த பின்னரே. செடியின் பெயரும் அவ்வாறு வந்ததுதான். விண்ணுலகின் திறவுகோலை உடையவர் இராயப்பர். இச்செடியும் விண்ணுலகைத் திறப்பது என்று கருதி அவர் பெயரை அதற்கு இட்டார்கள் என்பர். இராயப்பர், சின்னப்பர் என்று அத்திருத்தொண்டர்களை அழைக்கும் நம் தீவகக் கத்தோலிக்கரின் மொழியிலே சொன்னால், அச்செடி 'இராயப்பர் கள்ளி'. பெரு அரசு 2022இல் இச்செடியைப் பற்றிய மரபறிவையும் பயன்பாட்டையும் தன் தேசிய பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. பிற நாடுகள் பலவற்றில் செடியை அழகுக்காக வளர்ப்போர் உண்டு. அதன் சத்தைப் பிரித்தெடுப்பதும் உட்கொள்வதும் அவற்றுள் பலவற்றிற் குற்றமாகும். பூசாரியின் பழக்கமும் காவலும் இன்றி அருந்துவோர்க்கு அது தீங்கே செய்யும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த செடி என்பதற்காகவே நம்மவர் அதனைத் தெய்வத்துக்கு ஆகாது என்று ஒதுக்கினார்களோ எனின், இல்லை. சிவாலயங்களிலே போற்றப்படும் நாகலிங்கப் பூ தென்னமெரிக்க மரத்தின் பூ. அதே மரத்தைச் சிங்கள மக்கள் சால மரம் என்று கருதி விகாரைகளில் நட்டிருக்கிறார்கள். இரவிலே மலர்ந்து விடியுமுன் வாடும் 'கடுபுல்' மலர் மெக்சிக்கோ நாட்டு இலையொத்த கள்ளியின் மலரேயாகும். அம்மலர் விரியும்போது நாகர்கள் வந்து அதனைப் புத்தபெருமானுக்குக் காணிக்கையாக்குவர் என்று சிங்களக் கதை சொல்கிறது. நாக அரசர் இருவரின் மணியாசனப் பூசலைத் தீர்க்கப் புத்தர் எழுந்தருளிய நாகதீபம் நயினாதீவே என்று பௌத்தரும், நாகபூஷணி அம்மன் வீற்றிருக்கும் பதி என்று சைவரும் போற்றும் தீவகத்துக்கு இக்கதை அயலானதன்று.

ஆகவே வந்தேறிய செடிக்கும் சடங்கு கிடைத்தது. தூண்கள்ளிக்குக் கிடைக்காமைக்குக் காரணம் அதன் பிறப்பன்று. அதன் பெயரே என்று தோன்றுகிறது. நாகலிங்கத்தின் பூவிலே மக்கள் இலிங்கத்தையும் படமெடுத்த நாகத்தையும் கண்டார்கள், புதுப்பெயர் வைத்தார்கள். தூண்கள்ளியைக் கண்டபோதோ, தெரிந்த பெயர் ஒன்று ஆயத்தமாக இருந்தது. கள்ளி என்றவுடன் சுடுகாடும் பாழ்நிலமும் அச்சொல்லோடு கூடவே வந்துவிட்டன. ஐரோப்பியர் அதன் வடிவத்தை நோக்கி மெழுகுதிரி என்னும் பொருள்படும் 'சீரியசு' என்னும் பெயரை அதற்கு இட்டனர். அப்பெயர் நம்மிடம் முதலில் வந்திருப்பின், கோயில் வாசலிலே அது நின்றாலும் நின்றிருக்கும்.

பெயர் மயக்கத்தால் வேறு தீங்கும் உண்டு. சாடிக் கள்ளியை வெட்டிப் பழகிய பிள்ளை, அதே துணிவோடு புதர்க் கள்ளியையும் வெட்டப் போகும். அதன் பால் கண்ணிற் பட்டால் கடும் அழற்சி உண்டாகிப் பார்வையே மங்கும். உடனே நன்னீரால் நெடுநேரம் கழுவி வைத்தியரிடம் செல்லல் வேண்டும். பால் வருமா என்று அறிய வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை. முள் தோன்றும் இடத்தைப் பார்த்தாற் போதும். அமெரிக்கக் கள்ளியில் ஒவ்வொரு முட்கொத்தும் சிறிய பஞ்சு மெத்தை போன்ற ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும். நம் கள்ளியில் அம்மெத்தை இல்லை.

தீவகத்தில் தூண்கள்ளி வளர்க்க விரும்புவோர்க்கு மண் பெரிய தடையன்று. முருகைக்கல்லின் மேற்படிந்த மணல்நிலம் நீரை நிறுத்தி வைப்பதில்லை. கள்ளிக்கு வேண்டியதும் அதுவே. முதிர்ந்த தண்டை ஒரு முழ நீளத்துக்கு அறுத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும் வரை இரண்டு மூன்று கிழமை நிழலிலே வைத்தல் வேண்டும். ஈரம் காயுமுன் நட்டால் அழுகும். பின் பருமணலும் சிறிது மக்கிய எருவும் கலந்து, அடியில் துளையுள்ள சாடியில் நட்டு, வேர் பிடிக்கும் வரை நீர் வார்ப்பதில் சிக்கனம் காட்ட வேண்டும். உவர்க்கிணற்று நீரினும் சேமித்த மழைநீர் நல்லது. வெயிலால் அன்று, ஐப்பசி கார்த்திகை மழையாலேயே தீவகத்தில் கள்ளிகள் பெரும்பாலும் சாகும். அம்மாதங்களில் சாடியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைப்பது நன்று.

சன் பேத்ரோவைப் பெற்று வளர்க்க முயல்வோர் ஒன்றை எதிர்பார்க்கலாம்: அது சூரினாம் இனத்தைப் போல இங்குச் செழிப்பது அரிது. இக்குலத்துச் செடிகள் பகலிலே தம் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியிலேயே அவற்றைத் திறந்து காற்றை உள்வாங்குவன. அந்தீசு மலையின் இரவு குளிர்ந்தது. ஊர்காவற்றுறையின் சித்திரை இரவோ, திண்ணையிற் படுத்தவரையும் உறங்கவிடாதது. தாழ்நிலத்திற் பிறந்த சூரினாம் தூண்கள்ளி அதனைத் தாங்கிக்கொள்ளும். ஆண்டுகள் சில சென்று ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பின், ஓரிரவில் அதன் விலாவிலிருந்து வெண்ணிறப் பெரும்பூ விரியும்; விடிந்து வெயில் ஏறும்போது அது கூம்பிவிடும்.